நெய்தலுக்குள் ஒரு பாலை

திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்திருந்த என் அத்தை, சுந்தரவனத்தில் சுதன்யகாலி கண்காணிப்புக் கோபுரத்தின் மேல் நின்று ஒரு குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிப்ரவரி மாதம். கொல்கத்தாவிலிருந்து ரயில், ஆட்டோ, படகு என்று அரை நாள் பயணம். கூட வந்தவர்கள் எல்லாரும் புலியைத் தேடிக் கண்களைச் சுருக்கிக்கொண்டிருக்க, அத்தைக்கு மட்டும் குளம்தான் கண்ணில் பட்டது. "மிஷ்டி ஜொலேர் புகுர்" என்றார் வழிகாட்டி. இனிப்புத் தண்ணீர்க் குளம். காட்டு விலங்குகள் குடிப்பதற்காக வனத்துறை வெட்டி, கரை போட்டு, மழை நீரைத் தேக்கி வைத்திருக்கிறது.

"ஏண்டா, சுத்தி ஆறா ஓடுது. இதுக்கு நடுவுல புலிக்குன்னு தனியா குளம் வெட்டி வெச்சிருக்காங்களா?"

அத்தையின் கேள்வி சின்னதுதான். ஆனால் சுந்தரவனத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வாசல் கிடையாது. இங்கே ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, சென்னையைவிட அதிகம். அது போதாதென்று நாளுக்கு இரண்டு முறை ஓதம் ஏறி மரங்களின் இடுப்பை நனைத்துவிட்டுப் போகிறது. ஆனால் மரங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். இலை தடிமனாக, மெழுகு பூசியதுபோல் இருக்கும். இலைத் துளைகளை எவ்வளவு சிக்கனமாகத் திறக்க முடியுமோ அவ்வளவு சிக்கனமாகத் திறக்கும். சொட்டுத் தண்ணீரையும் வீணாக்காத அந்த உடல்வாகு கள்ளிக்காட்டுக்கு உரியது. தண்ணீரில் நிற்கும் மரத்துக்கு ஏன் இந்த வறட்சிக் கோலம்?

ஜெர்மன் தாவரவியலாளர் ஷிம்பர் 1898-இல் வெளியான தன் தாவரப் புவியியல் நூலில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'உடலியல் வறட்சி' என்று சொல்லலாம். நிலம் ஈரமாகத்தான் இருக்கிறது. செடியின் உடலுக்கு அந்த ஈரம் எட்டவில்லை. நம் திணை இலக்கணத்துக்கு இது புதிதல்ல. பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலை ஆகும் என்றுதான் பள்ளியில் படித்தோம். நம் இலக்கணத்தில் பாலை ஒரு நிலை, இடமல்ல. அந்தப் பட்டியலில் நெய்தலையும் சேர்க்கலாம் என்கிறது சுந்தரவனம்.

எப்படி எட்டாமல் போகிறது? இதற்குப் பதில் மாவடு ஜாடியில் இருக்கிறது. வடுவைக் கழுவித் துடைத்து, கல்லுப்பு போட்டுக் குலுக்கி வைக்கிறோம். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. மூன்றாம் நாள் திறந்தால் ஜாடியில் பாதிக்குத் தண்ணீர் நிற்கிறது, வடு சுருங்கிக் கிடக்கிறது. அந்தத் தண்ணீர் வடுவுக்குள்ளிருந்து வந்தது. உயிரணுவின் மேல் உறை, தண்ணீரை விடும். உப்பைச் சுலபத்தில் விடாது. உறையின் ஒரு பக்கம் உப்பு அதிகம், மறுபக்கம் குறைவு என்றால், தண்ணீர் உப்பு அதிகமான பக்கத்துக்கு நகரும். பாடப்புத்தகம் இதைச் சவ்வூடு பரவல் என்கிறது.

இப்போது ஒரு சாதாரண மாங்கன்றைக் கடலோரச் சேற்றில் நட்டுப் பாருங்கள். கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. ஒரு சொம்புத் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி உப்பைக் கரைத்தது போல. வேருக்குள் இருப்பதைவிட வெளியே உப்பு அதிகம். வேர் தண்ணீரை இழுப்பதற்குப் பதில், சேறு வேரிலிருந்து தண்ணீரை இழுக்கும். கன்று தண்ணீருக்கு நடுவே மாவடு ஆகிவிடும்.

அலையாத்தி மரம் ஏன் அப்படி ஆவதில்லை? முத்துப்பேட்டை, பிச்சாவரம் போனவர்களுக்கு இந்த மரங்கள் தெரிந்தவைதான். அத்தை படகிலிருந்தே அடையாளம் சொல்லிவிட்டார்: "இது நம்ம அலையாத்தில்ல?" அது வெண்கண்டல்; வங்காளிகள் அதே இனத்தை 'பாயின்' என்கிறார்கள். அவர்கள் 'கேவா' என்று சொல்லும் மரம் நம் தில்லை. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே தில்லைதான், பால் பட்டால் கண் போய்விடும் என்று இரண்டு ஊரிலும் பயப்படுகிறார்கள்.

இந்த மரங்கள் செய்வது, நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. எந்திரத்தின் வேலை. எதிர்த்திசைச் சவ்வூடு பரவல். உப்பு நீரைச் சவ்வின் மேல் பலமாக அழுத்தினால், உப்பு நின்றுவிடும், தண்ணீர் மட்டும் வரும். கடல் நீர் தன் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் பலம் சுமார் 25 வளிமண்டல அழுத்தம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறக்குறைய இரண்டுதான். அந்தப் பிடியை வென்று தண்ணீரைப் பறிக்க, சென்னைக்கு அருகே நெம்மேலியில் இருப்பதுபோன்ற கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலைகள் 60 வளிமண்டலம் அளவுக்கு அழுத்துகின்றன. மின்சாரச் செலவெல்லாம் அதற்குத்தான். மரத்திடம் பம்பு கிடையாது. அது மறுமுனையிலிருந்து உறிஞ்சுகிறது. இலையிலிருந்து தண்ணீர் ஆவியாகப் போகப் போக, இளநீரில் ஸ்ட்ரா போட்டு இழுப்பதுபோல் தண்டு வழியாக வேர் வரைக்கும் இழுவிசை போய்ச் சேர்கிறது. வேரின் சவ்வு உப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியே நிறுத்திவிடுகிறது.

இதெல்லாம் ஊகமில்லை, அளந்து பார்த்ததா என்று நீங்கள் கேட்க வேண்டும். அளந்தவர் பெர் ஷோலாண்டர். 1965-இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட முறை, கேட்டால் சிரிப்பு வரும் அளவுக்கு எளிமை. இலையோடு ஒரு கிளையை வெட்டுகிறார்கள். வெட்டிய உடனே, இழுவிசையில் இருந்த சாறு, அறுந்த ரப்பர் போலக் கிளைக்குள் பின்வாங்குகிறது. இலைப் பகுதியை ஓர் இரும்புக் கலத்துக்குள் வைத்து, வெட்டு வாய் மட்டும் வெளியே தெரியும்படி மூடி, உள்ளே வாயுவை ஏற்றுகிறார்கள். எந்த அழுத்தத்தில் வெட்டு வாயில் சாறு துளிர்க்கிறதோ, அதுதான் மரம் இழுத்துக்கொண்டிருந்த பலம். உயரமான மரங்களின் உச்சிக் கிளையைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி எடுத்தார்கள் என்பது இந்த ஆய்வின் துணைக் கதை. அலையாத்தி மரங்களில் வந்த எண் 30-இலிருந்து 60 வளிமண்டலம் வரை. கடலின் பிடியை மீறத் தேவையானது எவ்வளவோ அவ்வளவும், அதற்கு மேலும். ஆர்.ஓ. ஆலையின் எண்ணும் மரத்தின் எண்ணும் ஒரே வட்டாரத்தில் வந்து நிற்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

வடிகட்டியையும் மீறி உள்ளே வரும் உப்பை வெண்கண்டல் இலை வழியாக வெளியேற்றுகிறது. மதிய வெயிலில் ஓர் இலையைப் பறித்துச் சாய்த்துப் பார்த்தால் பொடிப் படிகங்கள் மின்னும். நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுத்தமான உப்பு. அத்தை முந்தானையில் துடைத்து இன்னொன்றைத் தந்தார், "ஊறுகாய்க்கு ஆகும்" என்று.

ஆனால் இழுப்பதற்கு விலை உண்டு. உப்பு ஏற ஏற மரம் இன்னும் கடுமையாக இழுக்க வேண்டும். தண்ணீர் போய்விடுமோ என்று இலைத் துளைகளை மூட வேண்டும். மூடினால் உணவு தயாரிக்கக் காற்று உள்ளே வராது. வளர்ச்சி குறையும். எல்லா மரமும் ஒரே அளவு தாங்காது. இந்தக் காட்டுக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் சுந்தரி மரம் இதில் மென்மையான ரகம். அதற்குக் கொஞ்சமாவது இனிப்புத் தண்ணீர் வேண்டும். கூரை வேயும் கோல்பாத்தாவுக்கும் அப்படியே. கேவாவும் கரானும் முரட்டு ஆட்கள். உப்பைப் பொருட்படுத்தாது, ஆனால் உப்பு மிகுந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் போகாது.

அப்படியானால் சுந்தரி எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? இமயமலையிலிருந்து வரும் ஆறு.

கழிமுகத்தில் நடப்பதைச் சடுகுடு ஆட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். கடல், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆறு மணி நேரம் ஆற்றுக்குள் பாடி வருகிறது. அப்புறம் ஆறு மணி நேரம் பின்வாங்குகிறது. ஆறு எதிர்த்து நிற்கிறது. மழைக்காலத்தில் ஆற்றின் அணியில் ஆள் அதிகம். உப்பின் கோடு கடலை நோக்கித் தள்ளப்படுகிறது. மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் ஆள் குறைவு. உப்பு உள்ளே ஏறுகிறது. கங்கையின் ஆண்டு நீரில் பெரும்பகுதி ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் ஓடி முடிந்துவிடுகிறது. ஆகவே காட்டின் தலையெழுத்தை எழுதுவது வெள்ளக்காலம் அல்ல. கோடையில் வரும் அந்தக் கொஞ்ச நீர்தான்.

அந்தக் கொஞ்ச நீர் எங்கிருந்து வருகிறது? பனி உருகி வருகிறது என்று சட்டென்று சொல்லிவிடுவோம். இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. தண்ணீரில் உள்ள ஆக்சிஜனில் எடை கூடிய ரகம், எடை குறைந்த ரகம் என்று இரண்டு முக்கிய வகை. ஐசோடோப் என்பது இதைத்தான். மேகம் மலையேறும்போது கனமான ரகத்தை முதலில் இறக்கிவிடுகிறது, மூட்டை வைத்திருப்பவர்கள் பேருந்திலிருந்து முதல் நிறுத்தத்திலேயே இறங்குவது போல. உச்சிக்குப் போய்ச் சேர்ந்து பனியாக விழுவதில் லேசான ரகத்தின் பங்கு கூடுதல். ஆகவே ஆற்று நீரை ஒரு சீசாவில் எடுத்து எடை விகிதம் பார்த்தால், எவ்வளவு பனி, எவ்வளவு மழை, எவ்வளவு நிலத்தடி நீர் என்று பிரித்துச் சொல்லலாம். ஆண்டு முழுவதுக்கும் கணக்குப் பார்த்தால், சமவெளிக் கங்கையில் பனியும் பனிப்பாறையும் உருகி வருவது பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மீதிப் பெரும்பங்கு பருவமழை. அந்த மழையையும் மேகத்தை வழிமறித்துப் பெய்ய வைப்பதில் இமயத்துக்குப் பங்கு உண்டு. கோடையில் மட்டும் உருகு நீரும், ஆற்றுப் படுகைக்குள் கசியும் நிலத்தடி நீரும் சுமையை ஏற்றுக்கொள்கின்றன. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை இறைக்க இறைக்க, கோடையில் ஆற்றுக்குக் கசிவது குறைகிறது என்று கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். பீகார் கோதுமை வயலின் மோட்டாருக்கும் சுந்தரவனத்துப் புலிக்கும் தொடர்பு என்றால் யாரும் முதலில் நம்ப மாட்டார்கள்.

இயற்கையே இங்கே ஒரு பெரிய சோதனையும் செய்து வைத்திருக்கிறது. கங்கையின் முதன்மை ஓட்டம் ஒரு காலத்தில் பாகீரதி வழியாகத்தான் கடலுக்குப் போனது. அதன் ஒரு கிளையான ஆதிகங்கை காளிகாட் வழியாக ஓடியது. வயல் வாய்க்காலில் வண்டல் சேர்ந்து மேடானால் தண்ணீர் பள்ளமான பக்கம் மடை உடைத்துக்கொள்ளும் அல்லவா? அதேபோல், நிலமும் மெல்லக் கிழக்கே சாய, 16-ஆம் நூற்றாண்டை ஒட்டி முதன்மை ஓட்டம் பத்மாவுக்கு, இன்றைய வங்கதேசத்துக்கு, மாறிவிட்டது. காளிகாட் கோயிலுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ஒரு கறுப்புச் சாக்கடைக் கால்வாய் இருக்கும். அதிலும் டாலிகஞ்சைத் தாண்டினால் மெட்ரோ ரயிலின் தூண்கள் நீருக்குள்ளேயே நட்டிருக்கின்றன. அதுதான் ஆதிகங்கை. அங்கிருந்து லேக் மார்க்கெட்டுக்கு நடந்து போய் மாவடு வாங்கிக்கொண்டு வருகிற கொல்கத்தாத் தமிழர்களான எங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று சொல்ல முடியாது.

ஆறு மாறியதும் சுந்தரவனம் இரண்டாகப் பிரிந்தது. வங்கதேசச் சுந்தரவனத்தின் கிழக்குப் பகுதிக்கு இனிப்பு நீர் தொடர்ந்தது. அங்கே சுந்தரி இருபது மீட்டர் அளவுக்கும் வளர்ந்தது. இந்தியப் பக்கத்தின் நடுப் பகுதியில் வித்யாதரி, மாத்லா ஆகிய ஆறுகளின் தலை மலையிலிருந்து துண்டிக்கப்பட்டது. கொல்கத்தாவின் கழிவைச் சுமந்து தூர்ந்த வித்யாதரியை 1928-இல் இறந்த ஆறு என்றே அரசு அறிவித்தது. மாத்லா பார்வைக்குக் கடல்போல் அகன்று கிடக்கிறது; உண்மையில் அது கடலின் ஒரு கை. கோடையில் அதன் உப்பு கடல் நீரை நெருங்குகிறது. அங்கே சுந்தரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரே மண், ஒரே வெயில், ஏறக்குறைய ஒரே மழை. மாறியது ஆறு மட்டும். ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு சோதனையை வைத்தால் பாராட்டுவார்கள்.

பழைய காடு எப்படி இருந்தது என்பதற்கும் சான்று உண்டு. கொல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த டேவிட் பிரெய்ன் 1903-இல் சுந்தரவனச் செடிகளை 334 இனங்களாகப் பட்டியலிட்டு வெளியிட்டார். இன்று எது அருகிப் போயிற்று, எது பரவிற்று என்று சொல்ல முடிகிறதென்றால் அந்தப் பழைய பட்டியலும் உலர்ந்த மாதிரிகளும் இருப்பதால்தான்.

இரண்டாவது சோதனையை மனிதர்கள் செய்தார்கள், வேறு நோக்கத்தில். வண்டல் அடைத்துக்கொண்டிருந்த கொல்கத்தாத் துறைமுகத்தைக் காப்பாற்ற, 1975-இல் கங்கையின் குறுக்கே ஃபரக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து 38 கிலோமீட்டர் கால்வாய் வழியாக, பாகீரதியின் கீழ்ப்பகுதியான ஹூக்ளிக்குத் திருப்ப நினைத்தது 40,000 கனஅடி. அதாவது வினாடிக்கு 11 லட்சம் லிட்டர்; சென்னைத் தண்ணீர் லாரிக் கணக்கில் சொன்னால் வினாடிக்குத் தொண்ணூறு லாரிக்கு மேல். துறைமுகம் அதனால் எவ்வளவு ஆழமாயிற்று என்பது இன்னும் சண்டைக்குரிய விஷயம். காட்டில் விளைவு தெளிவாகத் தெரிந்தது. 1980-இலிருந்து 2007 வரை எடுத்த அளவீடுகளைக் கொல்கத்தாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். ஹூக்ளியை ஒட்டிய மேற்குப் பகுதியில் உப்பு குறைந்திருந்தது. ஆற்றோடு தொடர்பில்லாத நடுப் பகுதியில் கூடியிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், வங்கதேசச் சுந்தரவனத்துக்கு நீர் கொண்டுபோகும் கோராய் ஆறு கோடையில் வற்ற ஆரம்பித்தது. 1998-இலிருந்து தூர்வாரி அதை மீட்க முயன்றார்கள். குல்னா வட்டாரத்தில் உப்பு ஏறியது. சுந்தரியின் உச்சிக் கிளைகள் பட்டுப்போகும் நோய் அங்கே பரவலாக இருப்பதற்கு உப்பையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். கல்கத்தாவுக்கு இனித்தது குல்னாவுக்கு உவர்த்தது. காவிரிக்காரர்களான நமக்கு இந்த வழக்கின் தொனி பழக்கமானதுதான்.

1996 டிசம்பர் 12 அன்று கையெழுத்தான கங்கை நீர்ப் பகிர்வு ஒப்பந்தம், ஜனவரி 1 முதல் மே 31 வரை பத்துப் பத்து நாளாகப் பிரித்துத் தண்ணீரைப் பங்கு போடுகிறது. 30 ஆண்டுக்கான ஒப்பந்தம். அந்தக் கணக்கில் இரண்டு நாடுகள் இருக்கின்றன. சுந்தரி மரத்துக்கு ஒரு பத்தி தனியாக இல்லை.

முத்துப்பேட்டையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. காவிரிக் கடைமடையில் வடகிழக்குப் பருவமழையின்போது சில மாதங்கள்தான் நன்னீர் வருகிறது. அந்தக் காட்டில் ஏறக்குறைய எல்லாமே வெண்கண்டல்தான். உப்பைத் தாங்கும் ஒரே வீரன் மட்டும் மிஞ்சிய படை.

சரி, விலங்குகள்? மரம்போல அவற்றால் உறிஞ்ச முடியாது. கழிமுக முதலைக்கு நாக்கில் உப்புச் சுரப்பிகள் இருக்கின்றன என்று 1981-இல் கண்டுபிடித்தார்கள். வேண்டாத உப்பை அது நாக்கு வழியாகக் கசியவிடுகிறது. கங்கை ஓங்கிலான சுசுக், உப்பு குறைந்த கால்வாய்களில்தான் தென்படுகிறது. அதைவிட உப்பான பகுதியில் ஐராவதி ஓங்கில். கோடையில் உப்புக்கோடு மேலே ஏறினால் சுசுக்கின் வீடு சுருங்கும். புள்ளிமானுக்குப் பிடித்தது கேவ்ரா மரத்தின் இலையும் காயும். கேவ்ராவும் உப்பு மிகாத சேற்றில்தான் செழிக்கும். மரத்தின் மேல் குரங்குகள் தின்று சிந்துவதைக் கீழே மான்கள் பொறுக்கும். மான் இருக்கும் இடத்தில் புலி. இனிப்புத் தண்ணீர் இப்படி மரத்தின் வழியாகவும் புலிக்குப் போய்ச் சேர்கிறது.

புலி உவர் நீரையும் குடித்துச் சமாளிக்கிறது. உப்பு அதிகமான இடங்களும் ஆள்கொல்லிப் புலிகள் அதிகமான இடங்களும் ஒத்துப்போவதாக 1970-களில் ஒரு ஜெர்மன் ஆய்வாளர் எழுதினார். உப்பு, புலியின் உடலைக் கெடுத்து வெறி ஏற்றுகிறது என்ற பேச்சு அதிலிருந்து பரவியது. இது நிரூபிக்கப்பட்டதல்ல. தேன் எடுப்பவர்களும் நண்டு பிடிப்பவர்களும் எங்கே அதிகம் போகிறார்கள், அங்கே இரை எவ்வளவு என்று பார்த்தால் வேறு விளக்கமும் கிடைக்கும். இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தால் ஒன்று மற்றதன் காரணம் என்று ஆகிவிடாது. ஆனாலும் குளங்கள் வெட்டப்பட்டதில் அந்தக் கருத்துக்கும் பங்கு உண்டு. தப்பான காரணத்துக்காகவே வெட்டியிருந்தாலும் மானும் பன்றியும் நன்றாகக் குடிக்கின்றன. 2009 மே 25 அன்று அய்லா புயல் கரைகளை உடைத்தபோது உப்பு நீர் குளத்துக்கும் வயலுக்கும் சேர்ந்தே புகுந்தது. குளத்தை இறைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தார்கள். வயலில் பல ஆண்டு நெல் சரியாக வரவில்லை.

மாலையில் கேனிங்கிலிருந்து லோக்கல் ரயில் ஏறி சியால்டா வந்து இறங்கினோம். நடைமேடையில் கூட்டம் நகரக் காத்திருந்தபோது அத்தையிடம் சொன்னேன். 19-ஆம் நூற்றாண்டில் இந்த சியால்டாவில் ஒரு குளம் வெட்டினார்கள். சுமார் 30 அடி ஆழத்தில் வரிசையாக அடிமரங்கள், வேரோடு நின்றபடி அகப்பட்டன. சுந்தரி. பின்னாளில் மெட்ரோவுக்குத் தோண்டியபோது எடுத்த கறுப்புத் தாவர மண்ணிலும் சுந்தரியின் மகரந்தம் இருந்தது. கரிமக் காலக்கணிப்பு அதைச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறது. சுந்தரி நின்றது என்றால் அங்கே ஓதமும் ஏறியிருக்கிறது, மலைத் தண்ணீரும் வந்திருக்கிறது.

அத்தை காலடியில் இருந்த சிமெண்டுத் தரையைப் பார்த்தார். "அப்ப இங்கயும் புலி இருந்திருக்கும்" என்றார்.